பருத்தி இருந்த முன்னறை

அத்தை வீட்டு வாசல் நிலை நல்ல தேக்கு. தெருவில் நின்று பார்த்தால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே மாவிலை காய்ந்து தொங்கும். படியேறி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் அதே நிலை கரிக்கட்டை. விரலை வைத்தால் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். தீப்பிடித்தபோது கதவு சாத்தியிருந்ததால் வெளிப்பக்கம் தப்பித்துக்கொண்டது, உள்பக்கம் வெந்து போனது. எங்கள் குடும்பத்துக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாதல்லவா? என் அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆள் விட்டு அந்த வீட்டின் வெளிச்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துக் கொடுப்பார். உள்ளே அடிக்க வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை. அத்தையும் கேட்கவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. பெரம்பலூரிலிருந்து செட்டிகுளம் போகிற வழியில் ஒரு கரிசல் காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. தாலி இறங்கிய கையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ மறு மழைக்கே ஏர் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டாள். பருத்தி போட்டாள், வெங்காயம் போட்டாள். வண்டிக்காரனோடும் வியாபாரியோடும் நேருக்கு நேர் நின்று பேசினாள். எழுபதுகளின் நடுவில், கூரையும் ஓடுமாக இருந்த அந்தத் தெருவில் தளம் போட்ட மெத்தை வீடு ஒன்று கட்டி முடித்தாள். கம்பி கட்டும்போது கொத்தனாருக்குப் பக்கத்தில் உச்சி வெயிலில் நின்றவள் அவள்தான். கிரகப்பிரவேசத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து மாலை வாங்கிக்கொண்டவர் அப்பா. ஆண் துணை இல்லாத வீட்டுக்கு அண்ணன்தான் முன்னால் நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அந்த முறையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன்.

நான் பெரம்பலூரில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்தில் அத்தை வீட்டில்தான் தங்கியிருந்தேன். அந்த வீட்டின் முன்னறை வருடத்தில் பாதி நாள் மனிதர்களுக்கு இல்லை. தை பிறந்து முதல் எடுப்புப் பருத்தி காட்டிலிருந்து வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பாள். மீதியை முன்னறையில் கொட்டுவோம். அடுத்த எடுப்பு, அதற்கடுத்த எடுப்பு என்று அறை நிரம்பிக்கொண்டே போகும். விலை ஏறும் வரை பருத்தி அங்கேதான் குடியிருக்கும். விருந்தாளி வந்தால் குவியலை ஒதுக்கிவிட்டுப் பாய் போடுவோம். சேலையில் பஞ்சு, தலையில் பஞ்சு, சோற்றுத் தட்டில் பஞ்சு. தெருவில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். அதை யாரும் சரக்கு என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த லட்சுமி, அவ்வளவுதான். லட்சுமி இருக்கிற அறையில் நின்று நெருப்பு என்ற வார்த்தையைச் சொன்னால் பெரியவர்கள் அடிக்க வருவார்கள். அடுப்பைப் பற்ற வை என்று சொல்வதாக இருந்தால்கூடக் கொல்லைப்பக்கம் போய்த்தான் சொல்ல வேண்டும்.

அத்தையின் பருத்தியை வழக்கமாக வாங்குகிறவர் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர். ஒரு கோடையில் அவருடைய கிடங்கு எரிந்து தரைமட்டமாகிவிட்டது. ஆள் தொலைந்தார் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த பருத்திக்கு அவர் புதுக் கிடங்கில் புதுத் தராசோடு உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்படி பாய் என்று கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "உசுர அல்லா காப்பாத்துனான் தங்கச்சி. மத்தத இன்சூரன்ஸ் காப்பாத்துச்சு" என்றார். இன்சூரன்ஸ் என்றால் ஆள் செத்தால் பணம் வருவது என்று மட்டுமே அதுவரை எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கும் உண்டு, கட்டடத்துக்கு ஒன்று, உள்ளே இருக்கிற சாமானுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று என்று அவர் விளக்கிச் சொன்னதை அத்தை பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒத்தையா கெடக்கிறவடி நான். இந்த வூடு போச்சுன்னா எவன் வூட்டு வாசல்ல போய் நிப்பேன்?" என்றாள். அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாள்.

பாய் சொல்லி அனுப்பி, டவுனிலிருந்து இன்சூரன்ஸ்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். வந்த மனிதர் யாரிடம் பேசினார் என்கிறீர்கள்? அவர் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்த அப்பாவிடம். அத்தை காபி கலந்து என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு, உள்நடைக் கதவோரம் வந்து நின்றாள். நான் டம்ளரோடு நடுவில் நின்றேன். வீடு அத்தையுடையது, பணம் அத்தையுடையது, யோசனை அத்தையுடையது. பேசிக்கொண்டிருந்தது அவர்கள் இரண்டு பேர்.

இன்சூரன்ஸ்காரர் பொல்லாதவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். கட்டடத்துக்கு மட்டும் போதுமா, உள்ளே இருக்கிறதுக்கும் சேர்த்துப் போடலாமா என்றார். "கட்டடத்துக்கு மட்டும் போதும் சார். அதுவே தண்டம். பொம்பள ஆசப்படுது, போட்டு வைங்க" என்றார் அப்பா. பிறகு இன்சூரன்ஸ்காரர், வீட்டில் குடியிருப்பு மட்டும்தானா, வேறு எதுவும் சேர்த்து வைக்கிற வழக்கம் உண்டா, சட்டென்று தீப்பிடிக்கிற மாதிரி ஏதாவது என்று இழுத்தார். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன சார் பேச்சு இது? பொழங்குற வூடு. பாத்திரம் பண்டம், பாய் தலகாணி. எழுதிக்குங்க" என்றார்.

கதவோரத்திலிருந்து அத்தை, "அண்ணே, பருத்தி வெப்போமே. அதச் சொல்லு" என்றாள்.

அப்பா தலையைத் திருப்பக்கூட இல்லை. "அவுரு எதப் பத்திக் கேக்கிறாரு, நீ எத இழுக்கிற? வூட்டு லட்சுமிய நெருப்போட சேத்துச் சொல்லுவாங்களா? ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு" என்றார். இன்சூரன்ஸ்காரர் அத்தையை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார். அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எழுதிக்கொண்டார். கடைசியில் தாளை உள்ளே கொடுத்தனுப்பினார்கள். அத்தை கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் அந்தத் தாள் முழுக்க இங்கிலீஷ். பதில் சொன்னது ஒருவர், அதற்குப் பொறுப்பு ஏற்றது இன்னொருவர். இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். தங்கைக்கு விதை வாங்கிக் கொடுத்தவர், காய்ச்சல் என்றால் ஓடி வந்தவர். பணத்தை மிச்சம் பிடித்து அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. தனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிப் பேசுவது ஆம்பிளை லட்சணம் என்று நம்பினார். அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு ஒரு வீட்டையே காவு கொடுத்தோம்.

சில வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அரியலூர்ப் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்துப் போய்விட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி உத்திரத்துக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன். ஊரிலிருந்து செட்டிகுளம் முருகனுக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து போவார்கள். அத்தை பால்குடம் எடுத்திருந்தாள். அந்த வருடம் விலை இன்னும் ஏறும் என்று பருத்தியை விற்காமல் வைத்திருந்தாள். முன்னறையில் ஜன்னல் உயரத்துக்குக் கிடந்தது. புழுங்கினால் பருத்தி மக்கிப் போகும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். காவடி கிளம்பும்போது தெருவில் அதிர்வேட்டு போட்டார்கள், சரவெடி கொளுத்தினார்கள். அத்தை கதவைப் பூட்டிக்கொண்டு, குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தாள். நானும் கூட நடந்தேன்.

பாதி வழியில் ஒரு ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒங்க வூடு... ஜன்னல்ல பொகை வருது" என்றான். அத்தை குடத்தை இறக்கி என் கையில் கொடுத்தாள். அப்புறம் அவள் ஓடினாள் பாருங்கள், அந்த வயதில் அப்படி யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. நான் பாலைத் தளும்பவிட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன். அந்தப் பாலை வழியில் எங்கே வைத்தேன் என்று இன்று வரை எனக்கு நினைவில்லை.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கொல்லைக் கதவை உடைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் உடைத்தார்கள். அதுவரை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது காற்றைக் கண்டதும் தூக்கிப் பிடித்துக்கொண்டது. கிணற்றிலிருந்து குடம் குடமாய் ஊற்றினார்கள். பஞ்சுத் தீ தண்ணீருக்கு அடங்குகிற மாதிரி பாவனை காட்டும். மேலே நனைந்து சாந்தமாகக் கிடக்கும், அடியில் எரிந்துகொண்டே இருக்கும். பெரம்பலூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, குவியலை வாரித் தெருவில் இழுத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. தெருவில் கிடந்த பருத்தி மறுநாளும் புகைந்தது. முன்னறையின் மேல்தளம் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தது. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, இதன் கீழே இனிமேல் யாரும் படுக்கக்கூடாது, மொத்தத் தளத்தையும் இடித்துப் போட வேண்டும் என்றார். அத்தை கரி படிந்த சேலையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்சூரன்ஸ் இருக்கு" என்றாள். அழவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இழப்பை மதிப்பிட ஒரு சர்வேயர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்னால் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாயே வந்து சொன்னார்: குடியிருக்கிற வீடு என்று எழுதி வாங்கிக்கொண்டு, உள்ளே பருத்தி அடுக்கி, அந்தப் பருத்தியில் தீப்பிடித்தது என்றால் ஒன்றும் தேறாது. அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு கதை தயாரித்தார். பருத்தி வீட்டில் வைப்பதே இல்லை, களத்துமேட்டில்தான் இருந்தது, காவடியன்று காலையில்தான் உள்ளே கொண்டுவந்து போட்டோம், சாயங்காலம் ஏற்றிப் போக வண்டி சொல்லியிருந்தோம். தெருவே சாட்சிக்குத் தயார். வண்டிக்காரன்கூட வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டான். "நீ ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்றதுக்கு ஆமான்னு மட்டும் சொல்லு" என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொன்னார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

சர்வேயர் நிதானமான மனிதர். கரியை மிதித்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா கதையைச் சொல்லி முடித்தார். நன்றாகவே சொன்னார். சர்வேயர் கேட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, "வீடு யார் பேர்ல இருக்கு? அவங்க சொல்லட்டும்" என்றார். அத்தையைப் பார்த்து, "அம்மா, யோசிச்சு சொல்லுங்க. இந்தப் பருத்தி எப்ப உள்ள வந்தது?" என்று கேட்டார். அந்த 'யோசிச்சு' என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னதை நான் கவனித்தேன். நல்ல பதில் வரட்டும் என்று அவரும் காத்திருந்தார் என்றே இன்றும் நம்புகிறேன்.

அந்த வீட்டைப் பற்றி அந்த வீட்டுக்காரியிடம் ஒரு ஆள் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். பிறகு சர்வேயரைப் பார்த்துச் சொன்னாள்: "தை பொறந்ததுலேர்ந்து இருக்குங்க. வருசா வருசம் இருக்கும். இன்சூரன்சு எழுதுன அன்னைக்கே சொல்ல வந்தேன். சும்மா இருன்னாங்க. சும்மா இருந்தேன்."

 சர்வேயர் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். "எனக்குக் கஷ்டமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கொஞ்ச நாளில், தர இயலாது என்று பதில் வந்தது.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. 'வாயாலே வூட்டக் கொளுத்துனவ.' சூட்டியவர் அப்பா. கல்யாணத்தில், காதுகுத்தில், பந்தி பரிமாறுகிற இடத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வெடி கொளுத்தினவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதில் மாற்றிச் சொன்னவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாளில் உண்மையைச் சொன்னாள், வாயை மூடு என்றார்கள். கேட்ட நாளில் அதே உண்மையைச் சொன்னாள், ஏன் வாயை மூடவில்லை என்றார்கள். அட, எந்த நாளில்தான் அந்தப் பெண்பிள்ளை பேசித் தொலைப்பது?

அத்தை முன்னறையைப் பூட்டிவிட்டுப் பின்கட்டில் அடுக்களையும் ஒரு சின்ன அறையுமாக ஒண்டிக்கொண்டாள். தளத்தை மாற்றிப் போட அவளால் கடைசி வரை முடியவில்லை. ஆனால் அடுத்த வருடப் பருத்தியைப் பாயின் கிடங்கில் போட்டுவிட்டு, டவுனுக்குத் தனியாக பஸ் ஏறிப் போய், ஆபீஸில் உட்கார்ந்து அதற்கு இன்சூரன்ஸ் எடுத்தாள். எழுதுகிறவரிடம், "ஒவ்வொண்ணா தமிழ்ல கேளுங்க, நான் சொல்றேன்" என்றாளாம். அதற்கப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண்களுக்கெல்லாம் அவள் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆகிவிட்டாள். "கட்டடத்துக்கு வேற, உள்ள இருக்கிறதுக்கு வேற. ஒண்ணுக்குப் போட்டுட்டு ரெண்டுக்கும் வரும்னு நெனைக்காத" என்பாள். "எவ்வளவுக்குப் போடறதுன்னு கணக்குப் பாக்கிறப்ப, மனைய வித்தா என்ன வரும்னு பாக்காத. மண்ணு எரியாது. திருப்பிக் கட்டணும்னா என்ன ஆகும், அதப் பாரு" என்பாள். கொள்ளிடக் கரையில் திருமழபாடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியிடம், "நெருப்புக்கு மட்டும் போட்டுட்டு வந்துடாத. ஒனக்குத் தண்ணிதான் எமன். வெள்ளத்துக்கு உண்டான்னு கேட்டு வாங்கு" என்று இறங்குகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒன்று சொல்வாள்: "வூட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, இருக்கிறத இருக்கிற மாதிரி சொல்லு. நீயே சொல்லு."

அன்றைக்கு ஏன் அத்தை அப்படிச் சொன்னாய், ஒரு ஆமாம் போட்டிருந்தால் வீடு திரும்பியிருக்குமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். நேர்மை, சத்தியம் என்று ஏதாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் கருகிய நிலையைத் துடைத்துக்கொண்டே, "நேர்மையும் இல்ல ஒண்ணும் இல்லடி. ஒரே ஒரு தடவ என் வூட்டப் பத்தி என் வாயால சொல்லிடணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்" என்றாள். அவ்வளவு விலை கொடுத்து ஒரு பதில் சொன்ன மனுஷியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அத்தை போய், அப்பாவும் போய், வெகு காலம் ஆகிறது. வாரிசு இல்லாத வீடு என் தம்பிக்கு வந்தது. இடித்தான். பெரம்பலூர் டவுனில் பாங்குக் கடன் வாங்கி மாடி வீடு கட்டினான். அத்தை வீட்டு நிலையைப் பெயர்த்து வந்து, உள்பக்கத்தை இழைத்து, வார்னிஷ் அடித்து, அவன் வாசலில் நிறுத்தினான். தீப்பட்ட மரத்தைப் புது வீட்டில் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "தேக்குக்கா. இன்னைக்கு இதுக்கு எங்க போறது?" என்றான். நெருப்பு என்ற சொல்லை வீட்டுக்குள் விடாத குடும்பம், நெருப்பு தின்ற மரத்தை மட்டும் விலை பார்த்து உள்ளே விட்டது.

தம்பிக்குப் பருத்தி, மக்காச்சோளம் வாங்கி விற்கிற வியாபாரம். போன தை மாதம் நான் அரியலூரிலிருந்து போயிருந்தபோது, இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஒரு பையன் வந்திருந்தான். கையில் செல்போன், அதைப் பார்த்துப் பார்த்துக் கேட்டான். "குடியிருக்க மட்டும்தானே சார்? வேற ஸ்டோரேஜ் எதுவும்...?" தம்பி மனைவி நடையில் நின்று சேலையிலிருந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மூட்டைகள் ஜன்னலை மறைத்துக்கொண்டு கிடந்தன. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி அவள் பக்கம் கையைக் காட்டிவிட்டு, "பொழங்குற வூடுப்பா, போட்டுக்க" என்றான்.

"முன்னறையில பருத்தி இருக்கு தம்பி. அதையும் எழுதிக்கப்பா" என்று நான் அந்தப் பையனிடம் சொன்னேன்.

பையன் என்னைப் பார்த்தான், பிறகு தம்பியைப் பார்த்தான். தம்பி சிரித்தான். "எங்க அக்கா அப்படித்தான். அத்தையோட வளப்பு. நீ போட்டுக்கப்பா" என்றான். பையனின் கட்டைவிரல் செல்போனில் ஒரு தடவை தொட்டு எழுந்தது. வேலை முடிந்துவிட்டது.

புறப்படும்போது தம்பி மனைவி வாசல் வரை வந்தாள்.  நான் செருப்பு மாட்டக் குனிந்தேன். நிலையின் உள்பக்கத்து அடியில், இழைப்புளி எட்டாத மூலையில், வார்னிஷுக்குத் தப்பிய இடம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகவே இருந்தது. அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். எடுத்துப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியிருந்தது.